இரும்பு அறைக்குள் ஒரு தொட்டி உப்புத்தண்ணீர்

நான் வேலை பார்க்கும் லேப்பில் ஓர் இரும்பு அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது, சுவர், கூரை, தரை, கதவு எல்லாம் தகடு. கூரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு தகட்டுத் துடுப்பு தொங்கும். உள்ளே ரேடியோ அலையை விட்டுத் துடுப்பைச் சுற்றினால், அலை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, நடுவில் வைத்த கருவியை எல்லாப் பக்கமிருந்தும் தாக்கும். கூழைக் கிண்டிவிடுவது போலத்தான். அத்தனை அடியிலும் கருவி புத்தி மாறாமல் இருக்கிறதா என்று வெளியே உட்கார்ந்து கேமராவில் பார்ப்பது என் பிழைப்பு. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதைப் பார்க்க ஒரு இன்ஜினியரா என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அண்ணனும் அண்ணியும் மரக்காணத்தில் உப்பளம் பார்க்கிறார்கள். கால்வாயிலிருந்து உப்புத்தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றும் மோட்டரின் வாயில் ஒரு விசிறி சுற்றும். பாசியும் பிளாஸ்டிக் கவரும் அதில் சிக்கிக்கொள்ளும். மோட்டரை நிறுத்திவிட்டுக் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அது அண்ணியின் வேலை. மோட்டரைப் போனிலேயே போட்டு நிறுத்த, அண்ணன் சொந்தமாக ஒரு கன்ட்ரோல் பெட்டி செய்திருந்தான். போன வருடம் மாதா கோயில் தேர்த் திருவிழா சமயத்தில், கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்த வாலண்டியர் ஒருவர் வரப்பில் நின்று வாக்கி டாக்கியில் பேசினார். யாரும் போடாமலே மோட்டர் ஓடியது. அண்ணி அப்போதுதான் கையை வெளியே எடுத்திருந்தார்.

அதன் பிறகு அண்ணன் பெட்டிக்குள் வெளி அலையைத் தடுக்கும் ஃபில்டர் வைத்து, தகட்டு உறை போட்டு, ஒரே மாதிரி இரண்டு பெட்டி செய்தான். ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு, இன்னொன்றை இந்த வருடம் திருவிழாக் கொடி ஏறிய வாரத்தில் லேப்புக்கு எடுத்துவந்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. சொந்தக்காரர் பொருளை நாங்கள் சோதிக்கக் கூடாது என்பது லேப்பின் விதி. கூட வேலை செய்யும் இன்ஜினியரிடம் ஒப்படைத்துவிட்டு, நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் அண்ணியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"பாஸாயிடுச்சு. வீட்ல இருக்குற பொட்டிய எடுத்தும்போய் மாட்டிக்கோ. இனிமே பயமில்ல."

நான் கேமராவைப் பார்த்தேன். இரும்பு அறையின் நடுவில், பெட்டிக்குப் பக்கத்தில், பெரிய நீலத் தொட்டி ஒன்று தளும்பத் தளும்ப நின்றது. உள்ளே மோட்டர்.

"இன்னாண்ணா அது?"

"நம்ம உப்புத்தண்ணிதான். கேன்ல புடிச்சாந்தேன்."

மோட்டர் ஓடக் கூடாது என்பதுதான் சோதனையே. ஓடித் தொலைத்தால் வெந்துபோகுமே என்று அதைத் தண்ணீரில் முக்கி வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் தண்ணீர் இல்லாத மோட்டருக்கு யாரும் கரண்ட் கொடுக்க மாட்டார்கள். வேறு எந்த ஊர்க்காரரும் எங்கள் அறைக்குள் ஒரு தொட்டி உப்புத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

உப்புத்தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். சுவரில் மோதித் திரும்ப வேண்டியதில் பெரும்பங்கைத் தொட்டியே வாங்கிக்கொண்டால், பெட்டியின் மேல் விழும் அடி குறைந்துவிடும். உள்ளே பெரிதாக எதை வைத்தாலும் அலையின் பலத்தை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டிதானே என்று இன்ஜினியர் விட்டுவிட்டார். இப்போது அளக்கச் சொன்னேன். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"தொட்டிய வெளிய எடுத்துடுங்க. மோட்டருக்குப் பதிலா ஒரு பல்பு மாட்டுங்க," என்றேன்.

அண்ணனுக்குக் கோபம். "பாஸானத ஏம்மா நோண்டிக்கினு இருக்குற?"

"பொட்டி தானா கரண்ட் வுட்டா பல்பு எரியும். எரியலன்னா நீ கெலிச்ச."

கதவை மூடினோம். துடுப்பு மெதுவாகச் சுற்றியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை; நடக்காமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பல்பு எரிந்தது.

"யாராச்சும் போட்டீங்களா?" என்றான் அண்ணன்.

"யாரும் போடல சார்," என்றார் இன்ஜினியர்.

அண்ணன் அண்ணியின் நம்பருக்கு அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடிக்கப் போனான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணி வேலை செய்யும்போது போனைப் பெட்டியின் மேல்தான் வைப்பார். அது அடிக்கும்போது கிளம்புவதும் அலைதான். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அடிக்காதண்ணா."

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பயமாக இருந்தது. என் வேலை மேலேயே வெறுப்பாகவும் இருந்தது. யாருடைய கையும் அதுவரை என் கேமராவில் தெரிந்ததில்லை.

பக்கத்துப் பாத்திக்காரரின் நம்பரை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, என் கையிலிருந்த அண்ணனின் போன் அடித்தது. அண்ணிதான்.

"இன்னாங்க, கூப்டீங்களா? விசிறில கைய வுட்டுக்கினு இருந்தேன், எடுக்க முடியல. இன்னும் பாதி பாசி இருக்குது, வெச்சிடட்டா?"



"அண்ணி, நான்தான் பேசுறேன். மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க. கைய உள்ள வுடாதீங்க," என்றேன்.

"ஏம்மா," என்றார் அண்ணி, "பாஸாயிடுச்சு, பயமில்லன்னு உங்க அண்ணன் சொன்னாரே?"