ஹோலிஸ் ஏற்றிய அரை அங்குலம்

ஹோலிஸ் முங்ரூ ஒரு பந்தயத்திலும் படகு ஓட்டியதில்லை. சாகுவராமாஸ் படகுத்துறையில், பந்தயப் படகுகளின் பின்பலகையில் தொங்கும் எஞ்சின்களை எந்த உயரத்தில் நிறுத்துவது, எந்த விசிறியை மாட்டுவது என்று முடிவு செய்வதுதான் அவர் வேலை. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். எஞ்சினை ஏற்றினால் தண்ணீரில் இழுபடும் இரும்பு குறைந்து வேகம் கூடும். அளவு தாண்டி ஏற்றினால் விசிறி தண்ணீரைப் பிடிக்காமல் நழுவும். நழுவிய விசிறி திடீரென்று பிடிக்கிற நொடியில் படகு எந்தப் பக்கம் திரும்பிக் கவிழும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கால் அங்குலத்தில்தான் மனிதர் முப்பது வருடம் பிழைத்தார்.

‘பெப்பர்சாஸ்’ படகை ஓட்டியவன் கெஸ்டர், ஹோலிஸின் மனைவி ஆர்டெல்லின் தம்பி. தாய் போனபின் அக்கா வீட்டில் வளர்ந்தவன். மற்ற ஓட்டிகள் பந்தயத்துக்கு முன் படகின் பின்னால் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். கெஸ்டர் நேரே ஏறி உட்கார்ந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொள்வான்.

“மச்சான் கைவெச்சாச்சுன்னா அதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கறது?” என்பான்.

எஞ்சின் தாங்கியில் ஹோலிஸ் ஆணியால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். அலை மிகுந்த வடகரைக் கடலுக்கு அதுதான் எல்லை. அலையை நன்றாகப் பற்றும் நாலு இறக்கை விசிறியும் அந்தக் கோடுமாக, பக்கத்துத் தீவான டொபேகோவுக்குப் போகும் வருடாந்தர ஓட்டத்தில் பெப்பர்சாஸ் வருடம் தவறாமல் ஒழுங்காகப் போய்ச் சேரும். மணிக்கு எண்பது மைல் பிரிவு அது. எண்பதைத் தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அதனால் எண்பதை ஒட்டி ஓடத் தெரிந்தவனே ராஜா. பெப்பர்சாஸ் எழுபத்தாறில் ஓடி, மூன்று வருடமாக இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது.

அந்த ஆகஸ்டில், பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, கடலைக்கறி ரொட்டியான டபிள்ஸ் விற்கும் வண்டியருகே கார்னட் அச்சாங் ஹோலிஸைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடமாக ஜெயிக்கிற படகுக்கு எஞ்சின் வைத்தவர் அவர்.

“என்ன ஹோலிஸ், இந்த வருசமும் ரெண்டாவதுதானா? உன் படகுல போறவன் தூங்கிக்கிட்டே போகலாம்யா. பேசாம ஒரு தொட்டிலையும் கட்டிவிட்டுரு!”

டபிள்ஸ்காரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஹோலிஸும் சிரித்தார். பாதி தின்றதைக் குப்பையில் போட்டுவிட்டு நடந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை, ஆளில்லாத மதியத்தில், எஞ்சின்களைக் கோட்டுக்கு மேல் அரை அங்குலம் ஏற்றினார். நாலு இறக்கையைக் கழற்றிவிட்டு மூன்று இறக்கையை மாட்டினார். ஏற்றியதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கெஸ்டர் வேண்டாம் என்பான் என்கிற பயமெல்லாம் இல்லை. ஜெயித்த பிறகு சொன்னால்தான் ருசி என்று நினைத்தார், அவ்வளவுதான். கிறுக்கு பிடிக்க இந்த வயதுதானா கிடைத்தது மனிதருக்கு!

வெள்ளிக்கிழமை தீவுகளுக்குள் அடங்கிய தட்டையான தண்ணீரில் ஓட்டிப் பார்த்த கெஸ்டர், கரைக்கு வந்ததும் அவரைக் கட்டிக்கொண்டான்.

“எழுபத்தொம்பது மச்சான்! என்ன பண்ணீங்க?”

“விசிறிய மாத்தினேன்,” என்றார் ஹோலிஸ். பாதி உண்மை.

பந்தய நாளான சனிக்கிழமை காலை, கடலைப் பார்த்த மராக்காஸ் மேட்டில் தூரக்கண்ணாடியும் வயர்லெஸ்ஸுமாக நின்றார். பக்கத்தில் ஆர்டெல், கையில் பெலாவ் சோற்றுப் பாத்திரம். கீழே கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. பெப்பர்சாஸ் முதலாவதாக வந்தது. பார்ப்பதற்கு முன்பே அவருக்குக் காதில் விழுந்துவிட்டது. அலை மேல் ஏறும்போது எஞ்சின் ஒரு கத்து கத்தி அடங்கவேண்டும். இது கத்திக்கொண்டே இருந்தது. விசிறி காற்றைத்தான் அறைந்துகொண்டிருந்தது. படகின் வால் ஒருமுறை வெட்டி இழுத்துத் திரும்பியது. இன்னும் அரை மணியில் டோகோ முனை, அங்கே நீரோட்டங்கள் மோதுகிற இடம். படகில் கெஸ்டரும் அவன் தோழனும்.

“கெஸ்டர், வேகத்தக் கொற. அம்பதுக்கு வா.”

“தொடங்கிட்டீங்களா மச்சான்! வருசா வருசம் இதே பாட்டு. நாங்க மொதல்ல போய்ட்டிருக்கோம், தெரியுதா?”

“அலை ஜாஸ்திடா.”

“அலை எல்லாருக்கும்தான். கோட்டுக்குக் கீழ எஞ்சின் இருக்கு, அப்புறம் என்ன பயம்? அக்காகிட்ட சொல்லுங்க, டொபேகோல நண்டு என் செலவு!”

ஆர்டெல் சிரித்தாள். எல்லாக் குழுக்களும் கேட்கிற அலைவரிசை அது. கார்னட்டும் எங்கோ கேட்டுக்கொண்டிருப்பார். உண்மையைத் தவிர வேறெதற்கும் கெஸ்டர் வேகத்தைக் குறைக்கமாட்டான் என்பது ஹோலிஸுக்குத் தெரிந்தது. முப்பது வருடத்துப் பேர் ஒரு பொத்தானில் இருந்தது. அமுக்கினார்.

“கெஸ்டர், கேளுடா. எஞ்சின் கோட்டுக்கு மேல இருக்கு. நான்தான் அரை அங்குலம் ஏத்தினேன். ஒன்கிட்ட சொல்லல. பண்ணது தப்பு. இந்தக் கடல்ல விசிறி பிடிக்காது. கும்பிட்டுக் கேக்கறேன், கொறச்சிடு.”

வயர்லெஸ் கரகரத்தது.

“எப்ப?” என்றான் கெஸ்டர்.

“வியாழக்கெழம.”

எஞ்சின் சத்தம் இறங்கியது. ஒவ்வொன்றாக மற்றப் படகுகள் பெப்பர்சாஸைத் தாண்டிப் போயின. ஆர்டெல் பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடினாள்.

“என் தம்பிய வெச்சா நீ பந்தயம் கட்டின?” என்றாள். பிறகு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

படகு எட்டாவதாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் முழுசாக இறங்கினார்கள். கார்னட் அதன்பின் ஹோலிஸைக் கேலி செய்யவே இல்லை. செய்திருந்தால் தேவலை என்று ஹோலிஸுக்கு இருந்தது. கெஸ்டர் சண்டை போடவில்லை, வேறு ஆளைத் தேடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக்கூட வழக்கம்போல வந்தான்.

அடுத்த பந்தயத்துக்கு முந்தின நாள் ஹோலிஸ் வேலையை முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தபோது, கெஸ்டர் ஒரு இரும்பு அளவுகோலும் நீள மட்டப்பலகையும் கொண்டுவந்தான். இரண்டும் புதிது. படகின் அடியில் பலகையை ஒட்டிப் பிடிக்க ஒருவரும், அங்கிருந்து விசிறித்தண்டு வரை அளக்க ஒருவரும் வேண்டும்.

“கொஞ்சம் பிடிங்க மச்சான்,” என்றான்.

ஹோலிஸ் மண்டியிட்டுப் பலகையைப் பிடித்தார். கெஸ்டர் பின்னால் குனிந்தான்.

“மூணரை,” என்று வாசித்தான். கோட்டின் அளவு அதுதான். ஹோலிஸ் எழப் போனார்.

“இருங்க, இன்னொரு தரம் பாத்துக்கறேன்,” என்றான் கெஸ்டர். “பலகைய ஆட்டாதீங்க.”