நாலு சீட்டும் ஒரு டேங்க்கும்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பள நாளில் மட்டும்தான் பயன்பட்டது. மற்ற நாளெல்லாம் பட்டறையில் அவர் 'கிராம்'. "கிராம் வர்றார், கையில இருக்கிறதைக் கீழே வை" என்பார்கள். வைக்காவிட்டால் வாங்கித் தராசில் வைத்துவிடுவார்.

அந்தப் பட்டறையில் நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் செய்தார்கள். மூக்கில் ஒற்றை எஞ்சின், தலைக்கு மேல் நீளமாக ஓர் இறக்கை, பக்கத்துக்கு ஒரு கதவு. கிராம் அவர் வீட்டில் முதல் பட்டதாரி. "எங்க பையன் விமானம் செய்றான்" என்று உறவுக்காரர்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள். உண்மையில் அவர் செய்தது கழித்தல். வரைபவர் ஒரு கோடு கூட்டுவார், மெத்தை தைப்பவர் ஒரு விரல் பஞ்சு கூட்டுவார், முதலாளி தம்ளர் வைக்க ஒரு குழி கேட்பார். எல்லாரும் கூட்டியதை ஒற்றை ஆளாகக் கழிப்பது அவர் பாடு. கதவின் கைப்பிடியில் கூட ஓட்டை போட்டுக் கனம் குறைத்தார். பெயிண்ட் ஒரு பூச்சு போதும் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டிப் பாதி ஜெயித்தார். வயிற்றுப் பக்கம் மட்டும் ஒரே பூச்சு. அதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

இப்படி 'வேண்டாம், வேண்டாம்' என்றே வருஷங்கள் ஓடியதில் மனுஷர் களைத்துப் போனார். வீட்டில் மனைவி "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கரண்டியோடு வந்தாலும் வாயில் முதலில் வருவது அந்த 'வேண்டாம்'தான். அப்புறம்தான் பசி ஞாபகம் வரும்.

அன்று காலை முதலாளி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"கிராம், இன்னிக்கு வெயிட்டான பார்ட்டி வருது."

"எவ்வளவு சார்?"

"யோவ், பெரிய இடம்னு சொன்னேன்யா!"

"அது புரிஞ்சுது சார். நான் கிலோவுல கேட்டேன்."

முதலாளி சிரிக்கவில்லை. வருகிறவர் மனைவியோடும் மைத்துனரோடும் தன் சொந்த ஊருக்கே பறந்து போய் இறங்க வேண்டுமாம், வழியில் எங்கும் நிற்காமல். அது பிடித்துப் போனால்தான் வியாபாரம். டேங்க்கை விளிம்பு வரை நிரப்பச் சொல்லி முதலாளி ஏற்கெனவே ஆள் அனுப்பிவிட்டார். நிரப்பியும் ஆயிற்று. ஓட்டப் போவது கிராமின் தங்கை புருஷன். பட்டறையின் விமானங்களை முதலில் பறக்கவிட்டுப் பார்ப்பது எப்போதும் அவர்தான்.

அந்தப் பட்டறையில் 'ஆள்' என்பது மனிதரைக் குறிக்கும் சொல் அல்ல, ஓர் அளவு. ஒரு ஆள் என்றால் எழுபத்தேழு கிலோ. இறக்கை, சக்கரம், சீட்டின் கால் எல்லாம் அந்தக் கணக்கில் வரைந்தவை. "நம்ம வாட்ச்மேன் முக்கால் ஆள்" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். மத்தியானம் ஒரு பெரிய பெட்டியோடு காரிலிருந்து இறங்கிய மூவரையும் கிராம் தூரத்திலேயே கண்ணால் அளந்தார். வாங்க வந்தவர், ஒன்றேகால் ஆள். அவர் வீட்டு அம்மா, ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. மைத்துனர், ஒன்றேகாலையும் தாண்டி.

"எனக்கு அறுபத்தெட்டுன்னு போட்டுக்குங்க" என்றார் அந்த அம்மா.

"எடை மிஷின்ல ஒரு தடவை ஏறிடுங்கம்மா."

"அக்கா, சும்மா ஏறு. மிஷினுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தம்பி சிரித்தார்.

"நீ முதல்ல ஏறுடா. அது உயிரோட இருந்தா நான் ஏறுறேன்."

எல்லாரும் ஏறி இறங்கினார்கள். அந்த அம்மாவுக்கு எண்பத்து நாலு கிலோ. கிராம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சார், நாலு பேரும் போகலாம். டேங்க் நிறையப் பெட்ரோலோடயும் போகலாம். ரெண்டும் சேர்ந்து போக முடியாது."

வாங்க வந்தவர் விமானத்தைப் பார்த்தார், கிராமைப் பார்த்தார். "அப்ப நாலு சீட்டு எதுக்கு?"

"நாலு பேர் உட்கார்ந்தா பக்கத்து ஊர் சார். ரெண்டு பேர் உட்கார்ந்தா தூரத்து ஊர். நீங்க நடுவுல ஒரு இடத்துல இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கிட்டா…"

"வழியில நின்னு நின்னு போறதுக்கு எங்க வீட்ல கார் இருக்குப்பா."

முதலாளி கிராமைத் தோளைப் பிடித்து இறக்கையின் நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நாலு பேர், ஃபுல் டேங்க்னு நான் வாயை விட்டுட்டேன்யா. இது கை நழுவினா அடுத்த விமானம் செய்யப் பட்டறை இருக்காது. ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கோ. ஒரு ஆள் கனம் கூடுதல், அவ்வளவுதானே?"

"ரெண்டு ஆள் சார். இன்னும் அந்தப் பெட்டி வேற இருக்கு."

ஓட்டுகிற மாப்பிள்ளையும் வந்து நின்றார். "மச்சான், விடுங்க. பாதை முழுக்க ஓடவிட்டு இழுத்துத் தூக்கிடுறேன். மிஷின் கொஞ்சம் தாங்கும்."

அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்தான் கிராமுக்கு ஆகாது. எஞ்சின் கொஞ்சம் தாங்கும் என்பார் ஒருவர், இறக்கை கொஞ்சம் தாங்கும் என்பார் இன்னொருவர். ஆளாளுக்கு அந்தக் கொஞ்சத்தை எடுத்துச் செலவழித்துவிட்டால், ஆகாயத்தில் திணறும்போது எடுத்துக்கொள்ள மாப்பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? வெயில் வேறு உச்சியில் நின்றது. காற்று சூடேறி லேசானால் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். காலையில் போதுமாக இருந்த ஓடுபாதை மத்தியானம் குட்டையாகிவிடும். அந்தப் பாதை முடிகிற இடத்தில் வரிசையாக மரங்கள்.

இதையெல்லாம் மறுபடி ஒரு தடவை எடுத்துச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. 'சரி' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். முதலாளி முதுகில் தட்டுவார், வந்தவர்கள் கைகொடுப்பார்கள், தானும் நிழலில் போய் உட்காரலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. மாப்பிள்ளை அதற்குள் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ஏறப் போனார். தங்கை காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கிராம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொட்டகை மூலையிலிருந்து கேன்களை இழுத்து வந்தார். விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குந்தி, டேங்க்கிலிருந்து இறங்கி வரும் வடிகுழாயின் மூடியைத் திறந்துவிட்டார்.

"யோவ்! என்னய்யா பண்றே?" முதலாளியின் குரல் கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது.

அவர் நிமிரவில்லை. பெட்ரோல் நூல் மாதிரி இறங்கியது. ஒரு கேன் நிறைந்ததும் அடுத்ததை நகர்த்தி வைத்தார். முழங்கால் வலித்தது. வாங்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் காரைப் பார்த்தார். அந்த அம்மாதான், "விடுங்க, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம், ஊருக்கு அப்புறம் பார்க்கலாம்" என்று புருஷனைச் சமாதானப்படுத்தினார்.

பெட்டியை இறக்கி வைத்தாயிற்று. கனம் பின்னால் சேர்ந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும் என்று மைத்துனரை முன் சீட்டில் உட்கார வைத்தார் கிராம். வாங்கப் போகிறவர் பின்னால், மச்சினன் முன்னால். அதற்கும் ஒரு முகச்சுளிப்பு.

விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சக்கரம் தரையை விட மனசில்லாமல் விட்டது. மரங்களுக்கு மேலே அது போனபோது உச்சிக் கிளைகள் ஆடின. கிராம் கேனைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அது ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வந்து மெத்தென்று இறங்கியது.

"நல்லாத்தான் இருக்கு. யோசிச்சுச் சொல்றோம்" என்றார் வந்தவர். யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கார் போன திசையை முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். கிராமின் பக்கம் திரும்பவே இல்லை.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மச்சான், மரத்தைத் தாண்டுறப்ப என் கால் ரெண்டும் தானா மடங்கிக்கிச்சு."

"டேங்க் நிறைஞ்சிருந்தா?"

அவர் மரங்களைத் திரும்பிப் பார்த்தார். "தாண்டியிருக்கலாம். தெரியலை மச்சான்."

தெரியாதுதான். கழித்துவிட்ட கனம் என்ன செய்திருக்கும் என்று யாராலும் காட்ட முடியாது. போன வியாபாரம் மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். தங்கைக்குப் போன் செய்து, "இறங்கிட்டார்" என்று மட்டும் சொன்னார் கிராம். "அவர் எப்பவும் இறங்குறவர்தானே, இதுக்கு எதுக்கு போன்?" என்றாள் அவள்.

சீட் பெல்ட்டுகளைச் சரிபார்க்கப் பின் சீட்டில் ஏறினார். ஏறியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கண் செருகியது. விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ள ஆட்கள் வந்து கை வைத்ததும், அது மெல்ல அசைந்ததும் தூக்கத்தின் ஓரத்தில் அவருக்குத் தெரிந்தன.

"சார், கிராம் உள்ளே தூங்குறார். எழுப்பட்டுமா?"

முதலாளியின் கை இறக்கைத் தாங்கியில் விழுந்த சத்தம்.

"விடு. டேங்க்தான் காலியாச்சே, தாங்கும். தள்ளு."