பிரேக்கில் ஏர் எடுத்த ஞாயிற்றுக்கிழமை

இது நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. சேர்ப்பதாக இருந்தால் கொஞ்சம் அழகாகச் சேர்த்திருப்பேன். இவ்வளவு அசிங்கமான ஒன்றை உட்கார்ந்து யோசிக்க எனக்கு என்ன தலையெழுத்து? சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தயவுசெய்து தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

என் பெயர் தெல்மா. நெதர்டன் என்ற ஊரில் ஒரு பல் டாக்டரிடம் இருபது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் வாய்க்குள் பார்த்துச் சொல்லச் சொல்ல, எந்தப் பல்லுக்கு என்ன கோளாறு என்று படத்தில் குறிப்பது என் வேலை. எச்சில், சீழ், சொத்தை எதற்கும் நான் முகம் சுளித்தது கிடையாது. அப்படிப்பட்ட நானே ஒன்றை அருவருப்பு என்றால் அது எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வயதிலிருந்தே எனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மேல் கண். இரண்டே இருக்கை, துணிக் கூரை, தரையை உரசுகிற மாதிரி உயரம். நாற்பத்தைந்து வயதில்தான் வாங்க முடிந்தது. வாங்கிய அக்டோபரில் காருக்கு இருபத்திரண்டு வயது. விற்றவர் மிஸ்டர் ஹிங்லி, பியூட்லி என்ற ஊரில் ஆற்றோரம் தனியாக இருக்கும் பெரியவர். சாவியை என் கையில் வைத்தார், கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாய் டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே பழுது பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கழற்றினாலும் முன்னால் வைத்திருந்தவரைத் திட்டுவோம். நானும் திட்டினேன். துருப் பிடித்த ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து மேலே பெயின்ட் அடித்திருந்தார் மனுஷன். அறுந்த ஒயரைக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் சுற்றியிருந்தார். தரைத் தகட்டில், பிரேக் பெடலுக்கு நேர் கீழே, காசு அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதைக்கூட அப்படியே விட்டிருந்தார். ஹிங்லி, உனக்கெல்லாம் எதுக்கு கார் என்று தினமும் அர்ச்சனை செய்தேன்.

என் கணவர் டெரிக்குக்கு அந்தக் கார் ஆகாது. வருடாந்திரச் சோதனை ஈஸ்டருக்கு முன்னால் வந்தது. அதில் தேறாவிட்டால் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"ஒண்ணு அது ஓடணும், இல்ல அது போகணும், தெல்மா. நீ ஷெட்லயே குடித்தனம் நடத்தற. நான் டீவியோட குடும்பம் நடத்தறேன்."

அந்தக் குளிர்காலத்தில்தான் டெரிக் சிகரெட்டை விட்டிருந்தார். பதிலுக்கு சூயிங்கம். மென்றதைக் குப்பையில் போட மாட்டார். சமையலறை அலமாரி விளிம்பில், ஷெட் மேஜையில், எங்கேயாவது ஒட்டி வைப்பார். "அதுல இன்னும் பாதி ருசி இருக்கு" என்பார். இருபது வருடத் தாம்பத்தியம். சகித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் பிரேக் வேலையை ஆரம்பித்தேன். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைத் தொட்டேன். மூடி மேல் ஏதோ பிசுக்கென்றது. சூயிங்கம். ஈரமாக இருந்தது. பால் துடைத்த துணியை ஒரு வாரம் மூலையில் போட்டு வைத்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. வழித்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று. அடுத்த நாள் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒன்று. விரலை எடுத்தபோது நூல் மாதிரி எச்சில் நீண்டு வந்தது. இப்போதுதான் வாயிலிருந்து எடுத்து ஒட்டிய மாதிரி...

நேராக வீட்டுக்குள் போய் டெரிக் மூக்கின் முன்னால் நீட்டினேன்.

"என்ன இது?"

"சூயிங்கம்."

"யாரோடது?"

"மெல்றதுக்கு முன்னாடி பேர் எழுதி வைக்கறதில்ல."

"வண்டி டெஸ்ட்ல தோக்கணும்னு பண்றியா?"

டெரிக் டீவியை அணைத்தார். அவர் டீவியை அணைப்பது அபூர்வம்.

"எனக்கு அந்த வண்டி பிடிக்காது. அதுக்காக எச்சிய ஒட்டி வெளையாடுவேனா? எனக்கு என்ன அஞ்சு வயசா?"

நான் நம்பவில்லை. அன்று ராத்திரி அவர் பக்கத்தில் படுக்கவே கூசியது. கார் போனால் போகிறது. சிரித்துப் பேசிக்கொண்டே பின்னால் இப்படி ஓர் ஈனத்தனத்தைச் செய்கிற மனுஷனோடா இத்தனை வருடம் வாழ்ந்தேன் என்பதுதான் என்னை அரித்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டெரிக்கே வந்தார். சமாதானக் கொடி.

"பிரேக்குக்கு ஏர் எடுக்கணும்னியே. பெடல் அமுக்க ஆள் வேணும்ல?"

"வேணும்."

"வரேன், மகாராணி."

ஏர் எடுப்பது என்றால் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது; அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காரில் உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்துப் பக்கம் உள்ள சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். கீழே இருப்பவர் 'அமுக்கு' என்றால் மேலே இருப்பவர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'விடு' என்று சொல்லும் வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். அவ்வளவுதான் சட்டம்.

பின் சக்கரம் இரண்டும் சுமுகமாக முடிந்தன.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விடு."

"விட்டாச்சு."

முன் இடது சக்கரமும் முடிந்தது. கடைசியாக முன் வலது. ஓட்டுநர் பக்கம். ரேடியோவில் கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. ஜாக்கியை மாற்றி, சக்கரத்தைக் கழற்றி, மறுபடி கீழே நுழைந்தேன். மணி நாலே முக்கால். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. என் தலை அந்தத் தரைத் தகட்டுக்கு நேர் கீழே இருந்தது.

"அமுக்கு."

பதில் இல்லை. ஆனால் பெடல் இறங்கியது. கிரீ...ச். திருகைத் திறந்தேன். குழாயில் காற்றுக் குமிழ்கள் வந்தன. மூடினேன்.

"விடு."

கிரீ...ச். ஏறியது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லேன்."

சப்... சப்... சப்...

மெல்லும் சத்தம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, எச்சில் புரள மெல்லும் சத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை நடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அமுக்கு."

கிரீ...ச்.

சப்... சப்...

அப்போதுதான் ஒன்று உறுத்தியது. டெரிக் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் அவர் வாய் மேலே இருக்கும். சத்தம் மேலேயிருந்து வரவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. தகட்டுக்கு அந்தப் பக்கம். தரையோடு தரையாக.

கன்னத்தில் ஏதோ விழுந்தது. ஆயில் என்று நினைத்தேன். ஆயில் ஜில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. துடைத்தேன். நூலாக இழுத்தது. புளித்த பால் வாடை.

அந்த ஓட்டை வழியாக ஒழுகியிருந்தது.

"டெரிக், நீ மனுஷனா?"

சப் சத்தம் நின்றது.

ஷெட் கதவு திறந்தது. காருக்கு அடியிலிருந்து பார்த்தேன். பழுப்பு ஷூ இரண்டு. வெளியிலிருந்து உள்ளே வந்தன. வறுத்த மீன் வாசனையும் வினிகர் வாசனையும் கூடவே வந்தன.

"யாரோட பேசிட்டிருக்க?" என்றார் டெரிக்.

நான் அந்த ஷூவையே பார்த்தேன்.

"மீனும் சிப்ஸும் வாங்கப் போறேன்னு கத்திச் சொன்னேனே. நீகூட 'ம்'னியே."

பெடல் இன்னும் இறங்கியே இருந்தது.

நான் 'விடு' சொல்லவில்லை. அது காத்துக்கொண்டிருந்தது.

"டெரிக்... சீட்ல... பாரு..."

ஷூ இரண்டு அடி நகர்ந்தது. நின்றது.

"யாருமில்ல."

"கீழ... பெடல்கிட்ட..."

"யாருமில்ல, தெல்மா. ஆனா பெடல் மட்டும்..."



எனக்கு வேறு வழி தெரியவில்லை. சொன்னேன்.

"விடு."

கிரீ...ச்.

டெரிக் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். முதுகு சிராய்த்தது. சிப்ஸ் பொட்டலம் தரையில் சிதறிக் கிடந்தது. பெடல் ரப்பரின் மேல் ஒரு சூயிங்கம் உருண்டை பளபளவென்று ஈரமாக ஒட்டியிருந்தது. எந்தத் தைரியத்தில் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கந்தல் துணியில் வைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

சமையலறை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பல் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. கைப்பையில், கிளினிக்கில் பல் தடம் எடுக்கும் கடிமெழுகு இருந்தது. டெரிக்கிடம் நீட்டினேன்.

"கடி."

"இன்னும் என் மேலயா சந்தேகம்?"

"கடி, டெரிக்."

கடித்தார். அவருடையது பெரிய வாய், அகலமான வரிசை. வலது பக்க மேல் பல் ஒன்று கோணல். உருண்டையில் இருந்தது வேறு. ஒவ்வொன்றும் அரிசி அளவு. மேலே நாலு முன்பல். கீழே நாலு. பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குட்டிக் கடைவாய்ப் பல், இப்போதுதான் முளைத்த தடம். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பால் பற்கள்.

அந்த வயதுக் குழந்தையை இருக்கையில் உட்கார வைத்தால் கால் பெடலுக்கு எட்டாது. பெடலுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அமுக்கினால்தான் உண்டு.

வாந்தி எடுத்தேன். டெரிக் என் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. இவரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று அழுகையாக வந்தது. அவர் கையை விடாமலே அன்று படுத்தேன்.

மறுநாள் காலை ஹிங்லிக்குப் போன் செய்தேன். என் பெயரைச் சொன்னதும் அவர் முந்திக்கொண்டார்.

"திரும்ப வாங்கிக்க மாட்டேம்மா."

"வாங்கச் சொல்லல. உங்க வீட்டுல ஏதாவது கொழந்தை..."

"எனக்குக் கல்யாணமே ஆகல. எனக்கு முன்னாடி வச்சிருந்தவங்களையும் தேடிப்பிடிச்சுக் கேட்டேன். அந்த வண்டில யாரும் சாகல. கொழந்தைன்னு யாரும் இருந்ததும் இல்ல."

"அப்ப ஏர் எடுக்கறதுக்கு உங்களுக்கு யாரு பெடல் அமுக்கினாங்க?"



"சொன்னா செய்யும்மா. பன்னெண்டு வருஷம் அதுதான் செஞ்சுது. கெட்டது ஒண்ணும் பண்ணல. நான் வச்சிருக்கற டாஃபிய எடுத்துச் சப்பிட்டு எங்கயாவது ஒட்டி வைக்கும். சப்பத்தான் தெரியும் அதுக்கு. அப்ப வாய்ல பல்லே கெடையாது."

"பின்ன ஏன் வித்தீங்க?"

"போன கோடையில டாஃபில கீழ் முன்பல் ரெண்டோட தடம் தெரிஞ்சுது."

துணியில் கிடந்த உருண்டையைத் திரும்பிப் பார்த்தேன்.

"இப்ப எத்தனை?" என்றார்.

"பத்து."

"நாலே மாசத்துலயா?" என்றார். "நீங்க அதுக்கு என்னம்மா குடுக்கறீங்க?"

போனைக் கையில் பிடித்தபடியே அலமாரி விளிம்பைப் பார்த்தேன். முந்தின நாள் டெரிக் மென்று ஒட்டி வைத்தது அங்கே இல்லை.

அந்த நேரம் டெரிக் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். ரொட்டியைக் கடித்தவர் முகத்தைச் சுளித்தார். கடித்ததை அப்படியே தட்டில் துப்பினார்.

"தெல்மா, என் பல்லு ஆடுதுடி."

பத்து மணிக்கெல்லாம் எங்கள் டாக்டர் முன்னால் அவரை உட்கார வைத்துவிட்டேன். ஈறு நன்றாக இருக்கிறது, எலும்பு நன்றாக இருக்கிறது, அடி கிடி பட்டதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார் டெரிக். டாக்டர் விளக்கைத் திருப்பி, ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்து, ஆடும் பல்லை மட்டும் சொல்ல ஆரம்பித்தார். வழக்கம்போல நான் பக்கத்தில் நின்று படத்தில் குறித்தேன்.

மேலே நாலு முன்பல். கீழே நாலு. பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

"வேற எதுவும் ஆடல. பத்துதான். எனக்கே காரணம் புரியல, தெல்மா" என்றார் டாக்டர்.

அவர் மூன்றாவது பல்லைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நான் பத்தையும் குறித்து முடித்திருந்தேன்.