அந்தப் பாத்திக்கு மருந்தடித்தது நான்

எருத்தேம்பதிக்குக் கிழக்கே, மழையை நம்பிய கரட்டுக் காட்டில் பிறந்தவர் எங்கள் அண்ணன். அப்பா தவறியதும் படிப்பை விட்டுவிட்டுத் தக்காளிக் காட்டில் இறங்கினார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அதற்காக அவரைத் தெய்வம் என்று எழுத மாட்டேன். பிடிவாதக்காரர், முன்கோபி. இந்த முதலாண்டு நினைவஞ்சலியில் நான் எழுத வந்தது ஒரே விஷயத்துக்காக. "கடைசியில அவரும் மருந்தடிக்கச் சொல்லீட்டாரு" என்று ஊரில் ஒரு பேச்சு நிற்கிறது. அது பொய்.

ஒருமுறை தக்காளிக்குப் பூச்சிமருந்தடித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே வாந்தியெடுத்து விழுந்தார். அதிலிருந்துதான், மருந்தே கேட்காத தக்காளி வேண்டும் என்ற வெறி பிடித்தது. சின்னக்கானலில் சித்தப்பா குடியிருந்த எஸ்டேட் லயத்து வீட்டின் பின்புறம் ஒரு தக்காளிச் செடி தானாக முளைத்துக் கிடந்தது. காய் சுண்டைக்காய் அளவு. இலையைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். அதில் சாறு உறிஞ்சும் வெள்ளை ஈயும் இல்லை, புழுவும் இல்லை. அதன் மகரந்தத்தை நம் ஊர்த் தக்காளிப் பூவில் தொட்டு வைத்து, விதையெடுத்து, மறுபடி விதைத்து, எட்டு வருடம் பாடுபட்டார்.

அந்தச் செடியின் குணம் பிள்ளைச் செடிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிடாது. எதற்கு வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அவராலும் முடியாது. அவற்றுக்கென்று ஒரு பாத்தியை ஒதுக்கி, மருந்தே அடிக்காமல் விட்டு, பூச்சி தின்றது போக மிஞ்சும் செடியில்தான் விதையெடுப்பார்.

பக்கத்துக் காட்டு மாமா வரப்பில் நின்று, "ஏனுங் மாப்ள, ஈ வளக்கறீங்களா? உங்கூட்டு ஈயெல்லாம் எங்காட்டுக்குத்தான் வருதுங்" என்று சத்தம் போடுவார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தப் பாத்தியில் போன விளைச்சலை, அண்ணிதான் அடுத்தவர் காட்டில் களை வெட்டி ஈடு கட்டினார்.

போன வருடம் அண்ணனுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என்னிடம், "இருந்த விதையெல்லாம் அந்தப் பாத்தியிலதான் போட்டிருக்கறேன் கண்ணு. என்ன ஆனாலும் மருந்து மட்டும் பட்றக் கூடாது" என்றார். சரிங்ண்ணா என்றேன். ஊருக்கு வந்து பார்த்தால் செடிகள் சுருண்டு வெளுத்துக் கிடந்தன. அவர் திரும்பி வரும்போது காடு செத்துக் கிடக்கக் கூடாதே என்று, பாவி நான், டேங்கைத் தோளில் மாட்டி அடித்துவிட்டேன்.

வீடு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போனார். பாத்தி முழுக்கப் பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு செடிகூடச் சாகவில்லை. எது தாங்கும் செடி, எது தாங்காத செடி என்று இனி எப்படித் தெரியும்? இலையை முகர்ந்து பார்த்தார்.

"எப்பக் கண்ணு அடிச்ச?"

"வெள்ளிக்கிழமைங்ண்ணா."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வையவில்லை. வைதிருக்கலாம். வீட்டுக்கு வந்து அண்ணியிடம், "நாந்தான் போன்ல மருந்தடிக்கச் சொன்னேன். அவள ஒண்ணும் கேக்காத" என்றார். மூன்றாம் வாரம் போய்விட்டார். அந்தப் பாத்தி விதையை இந்தப் பட்டத்தில் விதைத்தேன். பூச்சி ஒரு செடியையும் மிச்சம் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவர்களுக்கும், சின்னக்கானலிலிருந்து வந்து பதினாறு நாளும் கூட இருந்த சித்தப்பா குடும்பத்துக்கும், ஈயைப் பொறுத்துக்கொண்ட பக்கத்துக் காட்டு மாமாவுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

"என்னயக் களை வெட்ட உட்டுப்போட்டு, கடைசியில இவரே மருந்தடிக்கச் சொல்லீட்டாரேன்னு நெனச்சனே அம்மணி. ஒரு வருசமா அவிய போட்டோவுக்குப் பூ வெக்கறப்பல்லாம் மனசுக்குள்ள வஞ்சுட்டேதான் வெச்சேன்" என்றார்.