நாயைப் பத்து நாள் பார்க்க வேண்டும்

"பத்து நாள் நாயைக் கவனமாகப் பாருங்கள்" என்றார் டாக்டர். சாப்பாட்டை நிறுத்தினாலோ, தண்ணீரைக் கண்டு மிரண்டாலோ, எங்காவது ஓடிப்போனாலோ, அன்றைக்கே இந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. பத்து நாளும் நாய் நன்றாக இருந்துவிட்டால் ஓர் ஊசியும் வேண்டாம்.

கடித்தது என் நாய். கடிபட்டது எங்கள் மயிலாப்பூர் வீட்டில் பாத்திரம் தேய்த்து, கொல்லை பெருக்குகிறவள். கால்வாய் ஓரத்துக் குடிசை ஒன்றிலிருந்து வருவாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள்; ஆனாலும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'நீ'தான். அவளுக்கு நான் 'பாப்பா'. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, மவுண்ட் ரோட்டில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட்.

தப்பு என்னுடையது. நாய் தின்று முடித்த பிறகு தட்டை நான் எடுத்துக் கிணற்றடியில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, அது தின்றுகொண்டிருக்கும்போதே ஓடிவிட்டேன். காலியாகிவிட்டது என்று நினைத்து அவள் தட்டில் கைவைத்தாள். முன்கையில் நாலு பல் பதிந்துவிட்டது.

இரண்டாவது தப்பும் என்னுடையதுதான். நாய்க்குத் தடுப்பூசி போடவில்லை. டெல்லிக்கு மாற்றலாகிப் போன ஆபீஸ் தோழி விட்டுப்போன நாய் அது. அரை அல்சேஷன் என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் மதராசில் காது நிமிர்ந்த நாய் எல்லாமே அரை அல்சேஷன்தான். ஊசி போட வேப்பேரி மிருக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். டாக்ஸிக்காரர் நாயைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ரிக்‌ஷாக்காரரிடம் கெஞ்சினேன். "நாய குந்த வெச்சா அப்பால எவன் என் வண்டில குந்துவான்?" என்றார். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று ஆறு மாதம் ஓடிவிட்டது.

இந்த நாயே வேண்டாம் என்று சொன்னவர் அப்பா. கொல்லைப் படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, ஏதாவது வம்பு வந்தால் அன்றைக்கே நாய் பிடிக்கிற கார்ப்பரேஷன் வண்டியில் ஏற்றிவிடுவேன் என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார். இப்போது வம்பு வந்தாகிவிட்டது. பத்து நாள் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் மட்டுமே கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

அவளுக்கு நாலு வீட்டு வேலை, மூன்று பிள்ளைகள். பதினான்கு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் நாலு வீட்டிலும் வேறு ஆள் வந்துவிடும். அதனால் நாயை நம்பிக் காத்திருந்தாள். தினமும் காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றடியில் உட்காருமுன் என்னைக் கேட்பாள்.

"இன்னா பாப்பா, நாய் துன்னுச்சா?"

"தின்னுதே."

"தண்ணி குச்சுச்சா?"

"குடிச்சுது."

முதல் மூன்று நாள் நான் சொன்னது உண்மை. காலையில் ஒரு தட்டு, இரவில் ஒரு தட்டு தயிர் சாதம். எங்கள் வீட்டு நாய்க்கு அதைவிட்டால் வேறென்ன கிடைக்கும்? நாலாம் நாள் காலை தட்டை வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர்க் கிண்ணத்தை மூக்குக்கு நேரே பிடித்தேன். அதற்கும் திரும்பிக்கொண்டு, முன்னங்கால்மேல் தலையை வைத்துப் படுத்தது.

கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.

"துன்னுச்சா பாப்பா?"

"தின்னுது" என்றேன்.

வெயிலாக இருக்கும், ராத்திரி தின்றுவிடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். ராத்திரியும் தின்னவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பருக்கை தொடவில்லை. சாதத்தைக் காகிதத்தில் சுருட்டி எடுத்துப்போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். கடிபட்டதிலிருந்து அந்தத் தட்டை அவள் தொட வேண்டாம் என்று நானே ஏற்றுக்கொண்ட வேலை அது. இப்போது பொய்க்கு வசதியாகப் போயிற்று.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே. வீணா பயந்துப்பா" என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நாய் வாயிலேர்ந்து ஏதோ நாத்தம் வரதுடி. நேக்கு என்னவோ சரியாப் படலை."

நாற்றம் வந்தது உண்மை. ஈரமும் அழுகலும் கலந்த ஒரு வாடை. வாடை, பசியின்மை, தண்ணீரைத் தொடாமை, சோம்பிப் படுப்பது: ஒன்றுகூடப் பாக்கியில்லை என்று தோன்றியது. ஆபீஸில் ஒரே கடிதத்தை மூன்று முறை அடித்தேன். ஹெட் கிளார்க் கார்பன் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டிச் சிரித்தார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன், குடிக்காமல் திரும்பி வருவேன். ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியாமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பேன்; அதற்குள் பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடி, நாய் மூச்சு விடுகிறதா என்று பார்ப்பேன். வாலை ஆட்டும். ஒரு நிமிஷம் நிம்மதி. பிறகு தயிர் சாதத்தை வைப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அவளைப் பயமுறுத்தக் கூடாது என்றுதான் சொல்லாமல் இருக்கிறேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. உண்மையைச் சொன்னால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போவாள். அப்பா நாயை வண்டியில் ஏற்றுவார். எனக்கு நாய் வேண்டும். கூடவே, பஸ்ஸுக்கு ஓடியது, ஆறு மாதமாக ஊசி போடாதது எல்லாம் என் தலையில் விடியும். இந்த வெறிநோய் வந்துவிட்டால் மருந்தே கிடையாது என்பதும், ஊசி தாமதமாகிற ஒவ்வொரு நாளும் அவள் உயிரோடு விளையாடுவது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆறாம் நாளும் ஏழாம் நாளும் "தின்னுது" என்றேன். ஏழாம் நாள் அவள் தலையை நிமிர்த்தி என்னை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"நல்லா துன்னுச்சா?"

"நன்னா தின்னுது."

"சரி" என்று புளியை எடுத்துப் பித்தளைக் குடத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். இவளுக்கு எப்படி இவ்வளவு நிதானம் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

எட்டாம் நாள் காலை அப்பா கொல்லைப்படியில் நின்று தொடாத தட்டைப் பார்த்துவிட்டார். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள திங்கலைன்னா நாளைக்கு வண்டி வரும். அவளையும் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போ" என்றார். சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். எந்த டாக்ஸிக்காரரையாவது பிடித்து நாயை வேப்பேரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும். வீட்டுக்கு வரும்போது மணி இரண்டரை இருக்கும். வாசல் கதவு சாத்தியிருந்தது. மத்தியானம் அம்மா தூங்குகிற நேரம். பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனேன்.

நாய்க்கு எதிரே அவள் குந்தியிருந்தாள். மடிமேல் ஓர் அலுமினியத் தூக்கு. அதிலிருந்து சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டி வைக்க, நாய் சத்தம் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தது. மீன் குழம்பு. கொல்லை முழுக்க மணத்தது. நாலு நாளாக நாங்கள் நோய் என்று பயந்த வாடை அதுதான். மீன்காரி தெருவில் போனால் ஜன்னலைச் சாத்துகிற வீடு எங்களுடையது. எங்களுக்கு அந்த வாடை தெரியாததில்லை. ஆனால் எங்கள் நாய் தயிர் சாதம் தவிர வேறு எதையும் தின்னக்கூடும் என்பது மட்டும் எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

என்னைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. கடைசி உருண்டையையும் வைத்துவிட்டு, கையை நாயிடம் நக்கக் கொடுத்தாள்.

"பத்து நாளு இது உசுரோட இருந்தாத்தானே நானு பொயச்சேன்?" என்றாள். "நீங்க ஊத்தற தயிர்ச் சோத்துல எந்த நாய் உசுரோட கீது? அதான் காலீல கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். கூடவே தண்ணியும் வெச்சேன். மொத நாளு கொம்பால தள்ளிவுட்டேன். இப்போ என்னப் பாத்தா வாலாட்டிக்கினு வருது."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நாய்க்கு ஒன்றுமில்லை. அவளுக்கும் ஒன்றுமில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. அதுதான் என் சுபாவம்.

"ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? அது சாப்பிடலைன்னு நாங்க நாலு நாளா செத்துப் பொழைச்சிண்டிருக்கோம்!"

அவள் தூக்கை மூடினாள்.

"நீ சொன்னியா பாப்பா?"

தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"முக்குல கீற தொட்டில டெய்லி தயிர்ச் சோறு கெடக்குது. நான் அந்த வயிதானே வரேன். அது துன்னலன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் தினமும் என்னைக் கேட்டே?"

"நாளிக்காவது நீ நெசம் சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. எழுந்துபோய்க் கிணற்றில் வாளியை விட்டு, சிந்தியிருந்த பருக்கைகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

அன்று மாலை அப்பாவிடம் நாய் சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். என்ன சாப்பிட்டது என்று அவர் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அவள் வந்தாள், புடவையைச் செருகினாள், உட்கார்ந்தாள். என்னை எதுவும் கேட்கவில்லை. கொல்லைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் நானே சொன்னேன்: "இன்னிக்கும் தயிர் சாதம் தொடலை."

"தெரியும்மா" என்றாள், தலையைத் தூக்காமல்.

பத்தாம் நாளும் போயிற்று. நாய் நன்றாக இருந்தது. அடுத்த ஞாயிறே வேப்பேரிக்கு அழைத்துப் போய் ஊசி போட்டேன். அவள் அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் எங்கள் வீட்டில் வேலை செய்தாள். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவாள், சிரிப்பாள், தலை பின்னிவிட்டதுகூட உண்டு. ஆனால் மணி என்ன என்று கேட்பதானால், நான் கைக்கடிகாரத்தோடு எதிரில் நின்றாலும், உள்ளே இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுத்தான் கேட்பாள்.