பேட்டரி மூட்டைக்குக் காட்டிய சூடம்

வில்லாபுரத்தில் எங்களுக்கு ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. கடை என்றால் தகரக் கூரை போட்ட கொட்டகைதான். இரும்பு, பித்தளை, அட்டையெல்லாம் என் வீட்டுக்காரர் பார்ப்பார். பேட்டரி மட்டும் என் பொறுப்பு. செல்போன், லேப்டாப், கரண்டு வண்டி இவற்றில் ஓய்ந்துபோன பேட்டரிகளைத் தரம் பிரித்து, முனையில் டேப் ஒட்டி, மணல் போட்ட டிரம்மில் அடுக்கி வைப்பேன். மாதம் ஒருமுறை ஆலையிலிருந்து லாரி வரும். அங்கே இதை அரைத்துக் கறுப்புப் பொடியாக்கி, அதிலிருந்து உலோகத்தைப் பிரித்துப் புதுப் பேட்டரிக்கு அனுப்புகிறார்கள் என்று லாரியோடு வருகிறவர் சொன்னார். எட்டாவது வரை படித்த எனக்குக் கேட்கவே ஆச்சரியமாக இருந்தது.

பிடிவாதமாக இந்த வேலையை ஆரம்பித்தது நான்தான். முன்பெல்லாம் கண்மாய்க் கரையில் இவற்றைக் கொட்டி, செம்புக்காக எரிப்பார்கள். அந்தச் சாம்பலில் ஆடு மேய்வதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொட்டகைக்குள் எங்கள் குலசாமி முனியாண்டியின் படம் மாட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சாமிக்குச் சூடம் காட்டிவிட்டு, அதே தட்டோடு தராசுக்கு, இரும்புக்கு, அட்டைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுக் காட்டுவேன். பேட்டரிக்கும்தான். சோறு போடுகிறதுக்கு மரியாதை செய்யாமல் விடலாமா?

போன ஆடி வெள்ளியன்று, செல்போன் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் போட்டுவிட்டுப் போன சாக்கு மூட்டை பிரிக்காமல் கிடந்தது. எல்லாம் பூரி மாதிரி உப்பிப்போன பேட்டரி. நான் தட்டைச் சுற்றும்போது எரிகிற சூடத்துண்டு நழுவிச் சாக்கில் விழுந்தது. எடுப்பதற்குள் சாக்கு பற்றிக்கொண்டது. உஸ்ஸென்று ஒரு சத்தம், பின்னாலேயே வெள்ளைப் புகை.

என்னோடு வேலை செய்கிற பக்கத்து வீட்டுத் தங்கச்சி அலறினாள். "தள்ளிப் போக்கா! தள்ளிப் போ!"

வீட்டுக்காரர் நீளக் கொக்கியால் மூட்டையை வெளியே இழுத்துப் போட்டார். நான் மணலை வாரி வாரிக் கொட்டினேன். படபடவென்று வெடித்து அடங்க ரொம்ப நேரம் ஆனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முனியாண்டிதான் காப்பாற்றினார் என்று இன்றும் நம்புகிறேன்.

வீட்டுக்காரர் கொக்கியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். "போதும்டி. இன்னையோட பேட்டரிய விட்டுரு. இரும்பு நம்மள எரிக்காது."

"நாம விட்டா அம்புட்டும் கண்மாய்க்குத்தானங்க திரும்பப் போகும்?"

"ஊரக் காப்பாத்த நீ என்ன கலெக்டரா?"

"கலெக்டரா வந்து மூட்டையப் பிரிக்கப் போறாரு? நாமதான பிரிக்கிறோம்."

அவர் எழுந்து கொட்டகையைக் கூட்டப் போனார். நான் யோசித்துப் பார்த்தேன். பேட்டரி மேல் தப்பில்லை. "பக்கத்துல நெருப்பு ஆகாதும்மா" என்று லாரிக்காரர் படித்துப் படித்துச் சொன்னபோது, பீடியைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சூடத்தை நான் ஒருநாளும் நெருப்பாக எண்ணியதில்லை.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, படத்தைக் கழற்றினேன். வெளியே வாசல் கேட்டின் தூணில் ஆணி அடித்து மாட்டினேன்.

"சாமியவே வெளிய தள்ளிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"முனி என்னைக்குங்க வீட்டுக்குள்ள இருந்தாரு? எல்லையில நின்னு காக்குறவருதான?"

தங்கச்சி சிரித்தாள். "அந்தப் பொகைக்கு அவரே வெளிய ஓடிருப்பாருக்கா."

"ஒரு மாசம் பாப்பேன். இன்னொரு வாட்டி பொகைஞ்சுச்சு, அம்புட்டையும் லாரியில ஏத்திட்டு மூடிருவேன்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு சூடம் கேட்டோடு சரி. டிரம் மூடிக்குத் திருநீறு மட்டும் பூசுவேன். சீக்கிரம் பற்றிக்கொள்கிற உப்பிப்போன பேட்டரி வந்தால் உள்ளே விடுவதில்லை. கேட்டிலிருந்து எட்டத்தில், கொட்டகைக்கு வெளியே தனியாக நிழலில் இருக்கிற மணல் டிரம்முக்கு அப்போதே போய்விடும். இதை ஒருநாள்கூடத் தவறவிடவில்லை.

அந்த மாதம் லாரி வந்தபோது, டிரம்மை ஏற்ற வீட்டுக்காரரே தோள் கொடுத்தார். ஏற்றிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, பேட்டரி எடுக்குறோம்ணே. ஆனா உப்புனத சாக்குல அள்ளிட்டு வராதீங்க. வாசல்லயே முனி நிக்கிறாரு, பாத்துக்கங்க."