மூன்று சாம்பியன்களிடமும் அடி வாங்கியவர்

ஊஞ்சலா, தந்தியா, புல்டோசரா, யார் பெரிய ஆள் என்று எங்கள் தெரு டீக்கடையில் நடக்கும் சண்டை ஓய்ந்ததே இல்லை. மூன்று பேரும் இந்தத் தெருக்கோடி பாக்சிங் கிளப்பில் வளர்ந்து ஹெவிவெயிட் பட்டம் வாங்கியவர்கள். ஆனால் வேறு வேறு காலத்து ஆட்கள். ஒருவர் ஓய்ந்து வீட்டுக்குப் போன பிறகுதான் அடுத்தவர் வந்தார். நேருக்கு நேர் மோதியதே கிடையாது, அப்புறம் யார் தீர்ப்புச் சொல்ல? ஊஞ்சல் பதினைந்து ரவுண்டு ஆடினவராக்கும், இப்போது உள்ளவன் பன்னிரண்டுக்கே நாக்குத் தள்ளுகிறான் என்று ஒருவன் சொல்வான். புல்டோசர் இரண்டாவது ரவுண்டிலேயே ஆளைப் படுக்கவைக்கிறான், மிச்ச ரவுண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று இன்னொருவன் எகிறுவான். வேலைவெட்டி இல்லாத ஜென்மங்கள்.

அந்தச் சண்டையில் வாயைத் திறக்க யோக்கியதை உள்ள ஒரே ஆள் என் வீட்டுக்காரர். ஏனென்றால் மூன்று பேர் கையாலும் அடி வாங்கியது அவர் ஒருவர்தான்.

பெரிய பந்தயம் வந்தால் சாம்பியன் பழகுவதற்கு எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும். அதுதான் இவர் தொழில். சும்மா நின்றால் போதாது. வரப்போகும் எதிராளி எப்படி நிற்பான், எந்தத் தோளை முன்னால் விடுவான், களைத்தால் எந்தக் காலை இழுப்பான் என்று பார்த்து, அவனாகவே மாறி நிற்க வேண்டும். இவர் அதில் பலே கில்லாடி. கிளப்பில் இவருக்கு வைத்த பெயர் ஜெராக்ஸ். அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் போய்விட்டது.

நான் லாண்டரியில் கறை எடுக்கிறவள். பகலெல்லாம் ஊரார் சட்டையில் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே யார் இருப்பார் என்று எனக்கே தெரியாது. ஒருவனைப் படிக்கத் தொடங்கினால் வீட்டிலும் அவனாகவே திரிவார். அவனைப் போலவே நாற்காலி இழுப்பார், அவனைப் போலவே படியேறுவார். பந்தயம் இல்லாத நாளில் ஊஞ்சல், தந்தி, புல்டோசர் என்று மூன்று சாம்பியன்களாகவும் மாறி மாறி நடப்பார். "உங்களக் கட்டிக்கிட்டு நான் ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சோறு போடுறேன்" என்பேன். "ஒரே ஆளப் பாத்து அலுத்துப் போகுமில்ல? அதுக்குத்தான்" என்பார். கோபம் வரும், சிரிப்பும் வந்து தொலையும்.

டீக்கடையில் அவரை வளைத்துக்கொண்டு கேட்டால் மட்டும் ஜெராக்ஸ் வேலை எல்லாம் கிடையாது. "ஊஞ்சல் அடிச்சா மறுநாள்தான் வலிக்கும். தந்தி அடிச்சா அப்பவே வலிக்கும். புல்டோசர் அடிச்சா வலிக்கவே வலிக்காது. அதான்யா பயமா இருக்கு." எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்குக் கைதட்ட வராது.

என் பயம் சும்மா இல்லை. போன வருடமே தலைவலி ஆரம்பித்துவிட்டது. சட்டைப் பித்தானைப் போடத் தெரியாமல் கண்ணாடி முன்னால் நிற்பார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார். "இனிமே தலையில ஒரு அடி விழக்கூடாதும்மா. விழுந்தா ஆள் மிஞ்ச மாட்டார்." அன்றோடு கிளவுஸைப் பிடுங்கி மூட்டை கட்டினேன். கிளப்பிலேயே வாசல் பார்க்கும் வேலைக்கு மாறினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்கும் வந்தது வினை. புல்டோசரை டீக்கடையில் யாரோ சீண்டிவிட்டான். நீ என்னதான் சாம்பியன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டாலும், ஊஞ்சல் இருந்திருந்தால் உன்னை நிற்க வைத்து அடித்திருப்பார் என்று. செத்தவரோடு எப்படி மோதுவது? அதற்குத்தான் ஜெராக்ஸ் இருக்கிறாரே என்று கிளப் மேனேஜருக்கு மூளை வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஊர் முன்னால் மூன்று ரவுண்டு, ஊஞ்சலாக என் வீட்டுக்காரர், எதிரே புல்டோசர். ஒப்புக்கு எங்களைக் கேட்க மேனேஜர் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, சும்மா விளையாட்டுக்கு. தலையில தொடவே மாட்டான். நான் பொறுப்பு."

"உங்க பொறுப்ப வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்ணே? டாக்டர் சொன்னது தெரியும்ல?"

"அதான் தலைக்கவசம் போடுறோம்ல."

"அதெல்லாம் வேணாம். அவரு வர மாட்டாரு."

உள்ளேயிருந்து இவர் வந்தார். இடது கையைத் தொடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே வந்தார். ஊஞ்சலுக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தக் கையால்தான். கை கீழே இருக்கிறதே என்று எதிராளி ஆசைப்பட்டு உள்ளே வருவான், அந்தக் கை ஆடி மேலே வந்து தாடையைப் பெயர்க்கும். மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணே, அப்படியே அவருதான்ணே!"

மேனேஜர் போனதும் இவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "ஏங்க, எனக்கு நீங்க வேணும். ஊஞ்சலும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்."

"வாசல்ல உக்காந்து ஈ ஓட்டுறேன். ஒருத்தன் என்னத் திரும்பிப் பாக்குறானா? மூணு ரவுண்டுதானே இவளே."

அழுதேன், சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன். மனுஷன் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் எள் போட்டால் எள் விழாது. நான் ரிங்குக்குப் பக்கத்திலேயே, மணி அடிப்பவரின் மேசையை ஒட்டி இடம் பிடித்துக்கொண்டேன். முதல் ரவுண்டில் என் வீட்டுக்காரரைக் காணோம், ஊஞ்சல்தான் இருந்தார். கை ஆடியது. புல்டோசர் உள்ளே வர, கை மேலே வந்து அவன் வயிற்றில் இறங்கியது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். இரண்டாவது ரவுண்டில் புல்டோசருக்கு மானம் போய்விட்டது. வார்த்தையை மறந்து வலது கையை வீசினான். தலைக்கவசத்தின் பக்கவாட்டில் சப்பென்று விழுந்தது.

இவர் விழவில்லை, நின்றார். இடது கை தொடைக்குப் பக்கத்தில் தொங்கியது.

"ஊஞ்சல்! ஊஞ்சல்!" என்று ஊரே கத்தியது. பழைய ஆட்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. புல்டோசர் பயந்துபோய் எட்ட எட்டச் சுற்றினான். கீழே தொங்கும் அந்தக் கைக்கு எத்தனை பேர் பலியானார்கள் என்று அவன் கேட்டு வளர்ந்தவன் ஆயிற்றே. அவன் ஒதுங்க ஒதுங்கக் கூட்டம் அவனைக் கேலி செய்தது.

எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கை ஆடவில்லை. இரண்டு வாரமாக என் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் பார்த்த கை அது. ஊஞ்சலின் கை ஒரு கணம்கூட நிற்காது. இது ஈரத் துணி மாதிரித் தொங்கியது. வாயின் இடப்பக்கம் எச்சில் ஒழுகியது.

"நிறுத்துங்க! அவருக்கு என்னமோ ஆயிடுச்சு! நிறுத்துங்கய்யா!"

மேனேஜர் என் தோளை அமுக்கினார். "உக்காரு தங்கச்சி, அவரு நடிக்கிறாரு. என்னமா நடிக்கிறாரு பாரு!"

"நடிப்பு இல்லண்ணே! கை போயிடுச்சுண்ணே!"

என் குரல் யார் காதிலும் ஏறவில்லை. நான் கத்தியதும் அந்தக் கூச்சலில் ஒரு கூச்சல், அவ்வளவுதான். கேலி பொறுக்காமல் புல்டோசர் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிவிட்டான். இன்னோர் அடி விழப்போகிறது. டாக்டர் சொன்ன அடி. மனுஷன் சொன்னால் கேட்காத அந்தப் பிறவிகள் ஒன்றுக்கு மட்டும் அடங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். மேனேஜரைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து, மேசைக்காரர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி மணியை அடித்தேன். விடாமல் அடித்தேன். பாதி வழியில் வந்த கையை அப்படியே இறக்கிவிட்டு, புல்டோசர் திரும்பித் தன் மூலைக்கு நடந்தான்.

இவரும் மூலைக்குத் திரும்பப் பார்த்தார். இடது கால் கூடவே வரவில்லை. அப்படியே சரிந்தார். அப்போதும் நாலு பேர் கைதட்டினார்கள். நாசமாய்ப் போக.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. திறந்து எடுத்தார்கள். உயிர் இருந்தது. வாரக்கணக்கில் கண் திறந்தும் ஆள் இல்லை. நான் ஆஸ்பத்திரிப் படியே கதி என்று கிடந்தேன். மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "போங்கண்ணே, உங்க முகத்தப் பாக்க முடியல" என்று அனுப்பினேன். டீக்கடையிலோ சண்டை இன்னும் சூடாகிவிட்டதாம். அன்றைக்கு ஊஞ்சல்தான் முன்னால் இருந்தார், அந்தம்மா மணியை அடித்துக் கெடுத்துவிட்டாள் என்று ஒரு கட்சி. கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கமே நான் போவதில்லை.

ஒருவழியாக ஆள் திரும்பினார். என்னைத் தெரிந்தது. ஒன்றிரண்டு வார்த்தை கோணல் மாணலாக வந்தது. நடக்கப் பழக்கும் அறைக்கு சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரி.

"அக்கா, இவர் முன்னாடி எப்படி நடப்பார்? காலை அகட்டி வைப்பாரா, கிட்டக் கிட்ட வைப்பாரா? கொஞ்சம் நடந்து காட்டுங்க. அவரோட சொந்த நடையவே பழக்குனா சீக்கிரம் வந்துடும்."

இது ஒரு பெரிய விஷயமா என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். நாலடி போனதும் என் இடது கை தானாக ஆடியது. அது ஊஞ்சல். திரும்பி வந்து மறுபடி நடந்தேன். குதிகால் தரையில் படாமல் வெடுக் வெடுக்கென்று போனேன். அது தந்தி. அடுத்த தடவை தோளைக் குறுக்கித் தலையை முட்டக் கொண்டுபோனேன்.

"இதுல எது அக்கா அவரோடது?"

கடைக்குப் போனபோது, தெருவில் என் கூட வந்தபோது, இந்த மனுஷன் எப்படி நடந்தார்? எவ்வளவோ கண்ணை மூடி யோசித்தேன். மூன்று பேரும் மாறி மாறி வந்தார்கள். அவர் வரவில்லை. கூடவே குடித்தனம் பண்ணின எனக்கே தெரியவில்லை என்றால் இனி யாரிடம் போய்க் கேட்பேன்? நடுவழியில் நின்றுவிட்டேன்.

நாற்காலியில் அவர் முன்னால் குனிந்து, கண் கொட்டாமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் தெரிந்துகொள்ளத்தான் காத்திருந்தார்.

"அப்பறம்?" என்றார்.